பெறுபவர் திறக்க வேண்டும்: ஜிப், டார், 7ஜெட், ரார் இவற்றில் எதை இயல்பு வடிவமாக வைப்பது?

நாற்பது கோப்புகள் கொண்ட ஒரு ஃபோல்டரைச் சுருக்கி நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தால் உள்ளடக்கம் எல்லாம் பத்திரமாக இருந்தது, பெயர்கள் மட்டும் சிதைந்து கிடந்தன. ஒவ்வொரு பெயரும் கிரேக்க ஆல்ஃபாவில் தொடங்கியது. அடுத்து « என்ற கோணக்குறி, அதற்கடுத்துத் தலையில் கோடு போட்ட ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்து, மறுபடியும் ஆல்ஃபா, மறுபடியும் கோணக்குறி. எது ஆண்டறிக்கை, எது கூட்டக் குறிப்பு என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, பெயர் மாற்றி முடிப்பதற்குள் ஒரு மாலை முழுவதும் போயிற்று.

சுருக்கும் வடிவங்களை ஒப்பிடும் பேச்சு வந்தால் பெரும்பாலும் அளவில்தான் தொடங்கும்: எது அதிகம் சுருக்கும், எது வேகமாகச் சுருக்கும் என்று. ஒரு குழுவுக்கோ திட்டத்துக்கோ டீஃபால்ட் ஒன்றை, அதாவது யாரும் வேறு எதுவும் சொல்லாதபோது தானாகப் பயன்படும் வடிவத்தை, முடிவு செய்யும்போது நான் முதலில் கேட்பது வேறு. இதை யார் திறக்கப்போகிறார்கள்? அவர்கள் கருவியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? புதிதாக எதையும் நிறுவாமல், உள்ளே இருப்பதெல்லாம் நாம் வைத்தபடியே அவர்களுக்குக் கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அளவைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் சிறியதாகிவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கையை விட்டு வெளியே போகும் எதற்கும் எளிய ஜிப். லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கோ மேக்குக்கோ போகும் நிரல்களுக்கும் சர்வர் கோப்புகளுக்கும் டார்.ஜிஜெட். மற்றவை எல்லாம் காரணம் இருந்தால் மட்டும். இதில் ‘எளிய’ என்ற சொல்லுக்கு நிறைய வேலை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ஓர் அடிப்படை. இந்த வடிவங்கள் இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கின்றன. பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டுவது ஒன்று, அளவைச் சுருக்குவது மற்றொன்று. டார் கட்ட மட்டுமே செய்யும், சுருக்காது. ஜிஜிப் சுருக்க மட்டுமே செய்யும், அதற்கு ஒரு கோப்பு மட்டும்தான் தெரியும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து டார்.ஜிஜெட் என்று எழுதுகிறோம்: முதலில் கட்டி, பிறகு கட்டு முழுவதையும் ஒரே மூச்சில் சுருக்குவது. ஜிப் இதைத் தலைகீழாகச் செய்யும். ஒவ்வொரு கோப்பையும் தனியாகச் சுருக்கி, பிறகு வரிசையாக அடுக்கி, கடைசியில் ஒரு பட்டியலை ஒட்டி வைக்கும். கீழே சொல்லும் வேறுபாடுகளில் பாதி இந்த வரிசை மாற்றத்திலிருந்து வருபவைதான்.

ஜிப்பின் பலம் எங்கே

ஜிப்பை உருவாக்கியவர் ஃபில் கட்ஸ். 1989-இல் அவருடைய பிகேவேர் நிறுவனம் அதை வெளியிட்டபோதே வடிவத்தின் விவரக்குறிப்பையும் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டது. இன்றும் ஒரு ஜிப் கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் அவர் பெயரின் முதலெழுத்துகளான ‘பி’, ‘கே’தான். விவரக்குறிப்பு திறந்தே இருந்ததால் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் நிரலை எழுத முடிந்தது, எழுதினார்கள். வேர்டு ஆவணம், எக்செல் தாள், ஈபப் மின்னூல், ஜாவாவின் ஜார், ஆண்ட்ராய்டின் ஏபிகே என்று நாம் தினமும் தொடும் பல கோப்புகள் உள்ளுக்குள் ஜிப்தான். ஒரு வேர்டு ஆவணத்தின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே ஃபோல்டர்களும் படங்களும் வரிசையாக இருக்கும். இத்தனை மென்பொருள்கள் இதன் மேல் நிற்பதால் ஜிப்பைப் படிக்கும் வசதி எந்தக் கணினியிலிருந்தும் எளிதில் காணாமல் போகாது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஜிப்பைத் தானாகத் திறக்கிறது. மேக்கில் இருமுறை சொடுக்கினால் போதும். ஐஃபோனின் ஃபைல்ஸ் செயலி 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் பிரிக்கிறது. இன்று அனுப்பப்படும் பொதிகளில் நிறையவற்றை முதலில் தொடுவது ஒரு ஃபோன்தான். ஃபோனில் தட்டியதும் திறக்கும் என்று நம்பி அனுப்பக்கூடிய வடிவம் ஜிப் ஒன்றுதான் என்பது என் அனுபவம்.

கடைசியில் ஒட்டப்பட்ட அந்தப் பட்டியலின் அருமை பெரிய பொதிகளில்தான் தெரியும். 3 ஜிபி ஜிப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பு வேண்டுமென்றால், மென்பொருள் பட்டியலைப் படித்து, நேராக அந்த இடத்துக்குத் தாவி, அதை மட்டும் எடுத்துத் தரும். டார்.ஜிஜெட்டில் அப்படிப் பட்டியல் கிடையாது. வேண்டியது கடைசியில் இருந்தால், தொடக்கத்திலிருந்து அவ்வளவையும் விரித்துக்கொண்டே போக வேண்டும்.

சேதத்திலும் இதே கதை. ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு, தனித்தனி சிஆர்சி சோதனை எண்ணுடன் இருப்பதால், ஜிப்பின் நடுவில் சில பைட்டுகள் கெட்டால் பெரும்பாலும் அந்த ஒரு கோப்பு மட்டும் போகும். பதிவிறக்கம் பாதியில் அறுந்து பட்டியலே வராமல் போனாலும், ஒவ்வொரு கோப்புக்கு முன்னாலும் ஒரு சிறு தலைப்பு இருப்பதால் பழுதுபார்க்கும் கருவிகள் வந்த வரை மீட்டுத் தரும். ஜிஜிப் ஓட்டத்தில் நடுவில் ஒரு பைட் கெட்டால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

இதற்கு ஜிப் கொடுக்கும் விலை, சிறு கோப்புகளில் தெரியும். 300 பைட் அளவில் ஒரே அமைப்புடைய ஆயிரம் கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜிப் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்பதால் ஒன்றுக்கொன்று உள்ள ஒற்றுமை அதன் கண்ணில் படாது. மேலும் ஒவ்வொரு கோப்புக்கும் தலைப்புக்கு 30 பைட், பட்டியலில் 46 பைட், பெயர் இரண்டு முறை. பெயர் 20 பைட் என்றால் கோப்புக்கு 116 பைட் நிர்வாகச் செலவு. டாரும் சிக்கனமானது இல்லை. கோப்புக்கு 512 பைட் தலைப்பு வைத்து, உள்ளடக்கத்தையும் 512-இன் மடங்காக நிரப்பும். ஆனால் அந்த நிரப்பல் எல்லாம் வெறும் பூஜ்ஜியம், ஜிஜிப் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். அடுத்தடுத்த கோப்புகளில் திரும்ப வரும் வரிகளையும் பிடித்துக்கொள்ளும். ஆக, நிரல் மூலக்கோப்புகள், பதிவுக் கோப்புகள் போன்றவற்றில் டார்.ஜிஜெட் ஜிப்பைவிடச் சிறியதாக வருவது இயல்பு. புகைப்படம், வீடியோ, பிடிஎஃப் என்றால் எந்த வடிவத்தாலும் பெரிதாக எதையும் சுருக்க முடியாது, அவை ஏற்கெனவே சுருங்கியவை. அங்கே அளவைப் பற்றி விவாதிப்பதே வீண்.

எந்த ஜிப்?

இப்போது அந்த ‘எளிய’ என்ற சொல். பின்னொட்டு ஒன்றுதான் என்றாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஜிப் விவரக்குறிப்பில் ஒவ்வொரு சுருக்கும் முறைக்கும் ஓர் எண் உண்டு. 0 என்றால் சுருக்காமல் வைத்தது. 8 என்றால் டிஃப்ளேட், 1996-இல் ஆர்எஃப்சி 1951 என்ற பொது இணைய ஆவணமாக எழுதி வைக்கப்பட்ட, எல்லோருக்கும் புரியும் முறை. அதற்கு மேல் 9 டிஃப்ளேட்64, 12 பிஜிப்2, 14 எல்ஜெட்எம்ஏ, 93 ஜெட்எஸ்டி என்று போகும். சில மென்பொருள்களில் ‘சிறந்த சுருக்கம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சில சமயம் முறை 14-க்கோ 93-க்கோ மாறிவிடும். கோப்பின் பெயர் ஜிப் என்றே முடியும், எதிர்முனையில் மட்டும் ‘கோப்பு சேதமடைந்துள்ளது’ என்று வரும். கோப்புக்கு ஒரு சேதமும் இல்லை, திறப்பவரிடம் அந்த முறைக்கான நிரல் இல்லை, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு பேரும் மூன்று முறை மறுபடி அனுப்பிப் பார்த்திருப்பார்கள்.

நாம் எதையும் தொடாமலே இது நடக்கவும் கூடும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் 2 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பைச் சுருக்கும்போது டிஃப்ளேட்64-க்கு மாறிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பைத்தான் நிரல்மொழியின் ஜிப்ஃபைல் தொகுதிக்கு அந்த முறை தெரியாது. சோதனைக் கோப்புகள் எல்லாம் சரியாக ஓடி, பெரிய கோப்பு வந்த நாளில் மட்டும் ஒரு தானியங்கி வேலை உடைவதற்கு இது போதும்.

அளவு எல்லையும் பார்க்க வேண்டும். பழைய ஜிப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, மொத்தம் 65,535 கோப்புகளுக்கு மேல் போகக் கூடாது. ஜிப்64 என்ற நீட்சி இதை 2001-இலேயே தீர்த்துவிட்டது. விண்டோஸில் விஸ்டா முதல் அது திறக்கும். இன்றைய கணினிகளில் பிரச்சினை இல்லை, ஆனால் பழைய நிரல் நூலகங்களை வைத்து ஓடும் கருவிகளும் உட்பொதிந்த சாதனங்களும் இன்னும் இருக்கின்றன. பெறுவது அப்படிப்பட்ட சாதனம் என்றால் 4 ஜிபிக்கு உள்ளேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

‘எளிய ஜிப்’ என்பது நானாகக் கற்பித்துக்கொண்ட வரையறை இல்லை. ஐஎஸ்ஓ/ஐஇசி 21320-1 என்ற 2015-ஆம் ஆண்டுத் தரநிலை ஆவணப் பொதிகளுக்காக ஜிப்பை இப்படித்தான் குறுக்குகிறது: சுருக்காமல் வை அல்லது டிஃப்ளேட் செய், மறையாக்கம் (கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது) கூடாது, பல துண்டுகளாக உடைக்கக் கூடாது, பெயர்கள் யூடிஎஃப்-8-இல் (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் முறை) இருக்க வேண்டும். ஒரு குழுவின் விதிமுறையில் வெறுமனே ‘ஜிப்’ என்று எழுதாமல் இந்த நான்கையும் எழுதினால் பாதித் தொல்லை குறையும்.

பெயர்கள்

தமிழில் பெயர் வைக்கும் நமக்கு இந்தப் பகுதிதான் மிக முக்கியம். என் ஆல்ஃபா மாலைக்கு விளக்கம் இதுதான்.

ஜிப், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் பிறந்தது. கோப்புப் பெயர்கள் ஐபிஎம்மின் 437-ஆம் குறிமுறையில் இருக்கும் என்று அப்போது வைத்துக்கொண்டார்கள். 2006-இல்தான் விவரக்குறிப்பில் ஒரு கொடி சேர்ந்தது: 11-ஆம் பிட் ஏற்றப்பட்டிருந்தால் பெயர் யூடிஎஃப்-8 என்று பொருள். பெயரை யூடிஎஃப்-8-இல் எழுதிவிட்டு அந்தக் கொடியை ஏற்ற மறந்த மென்பொருள்கள் நிறைய உண்டு. அப்போது எதிர்முனை பழைய 437 என்று நினைத்துப் படிக்கும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ‘க’ என்பது பதினறும முறையில் இ0, ஏஇ, 95. 437 அட்டவணையில் இ0 ஆல்ஃபா, ஏஇ இடது கோணக்குறி, 95 தலையில் கோடு போட்ட ஓர் ‘ஓ’. தமிழ் எழுத்துகள் எல்லாமே இ0 என்ற பைட்டில் தொடங்குவதால்தான் ஆல்ஃபா திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த முறை இப்படிப் பார்த்தால் பதற வேண்டாம், பைட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. குறிமுறையைத் தேர்வு செய்ய விடும் ஏதாவது ஒரு பிரிக்கும் கருவியில் யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் பெயர்கள் திரும்பி வந்துவிடும். எனக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை.

அப்புறம் நீளம். ‘ஆண்டறிக்கை’ நம் கணக்கில் ஆறு எழுத்து. புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கணினிக்குப் பத்து. யூடிஎஃப்-8-இல் முப்பது பைட். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும், அதாவது தமிழில் 85 குறியீடுகள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் எண்ணும் விதம் வேறு, அங்கே 255 தமிழ்க் குறியீடுகள் வரை போகலாம். விண்டோஸில் ‘2023-24 ஆண்டறிக்கை இறுதி வரைவு குழு ஒப்புதலுக்குப் பின்...’ என்று தலைப்பையே பெயராக வைத்த கோப்பு அங்கே நன்றாக இருக்கும், ஜிப்புக்குள்ளும் நன்றாக இருக்கும், லினக்ஸ் சர்வரில் பிரிக்கும்போது பெயர் மிக நீளம் என்று நின்றுவிடும். எந்த வடிவத்தை மாற்றினாலும் இது தீராது. டாரில் நிலைமை இன்னும் நெருக்கம்: பழைய யூஸ்டார் தலைப்பில் பெயருக்கான இடம் 100 பைட், தமிழில் 33 குறியீடு. முன்னால் வரும் ஃபோல்டர் பாதையை வைக்கத் தனியே 155 பைட் உண்டு, ஆனால் கோப்பின் பெயர் அந்த நூறுக்குள் அடங்கியாக வேண்டும். பாக்ஸ் என்ற பிந்தைய டார் வகை இந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, பெயர் யூடிஎஃப்-8 என்றும் வரையறுத்துவிட்டது. டாரைத் தமிழ்ப் பெயர்களோடு பயன்படுத்தினால் பாக்ஸ் வகையைச் சொல்லிக் கட்டுவது நல்லது.

மூன்றாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘க’வுக்குப் பின் ‘ொ’ என்ற ஒரே குறியீடு, அல்லது ‘க’வுக்குப் பின் ‘ெ’, அதன் பின் ‘ா’ என்று இரண்டு. ‘கோ’, ‘கௌ’ ஆகியவையும் அப்படியே. திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அங்கிருந்து கட்டிய பொதியில் ‘கொள்கை’ பிரிந்தபடியே வரும். லினக்ஸில் ஏற்கெனவே சேர்ந்த வடிவில் ஒரு ‘கொள்கை’ இருந்தால், ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்பது போலத் தெரியும். விசைப்பலகையில் தட்டித் தேடினால் ஒன்று அகப்படும், மற்றொன்று அகப்படாது. இதையும் எந்த வடிவமும் சரிசெய்து தராது, பொதி பைட்டுகளை அப்படியே சுமக்கும். பல கணினிகளுக்குப் போகும் பொதிகளில் நான் ஃபோல்டர் பெயரையும் முதன்மைக் கோப்புகளின் பெயரையும் சுருக்கமாக, முடிந்தால் ஒகர, ஓகார, ஔகாரம் இல்லாமல் வைப்பதற்கு இதுதான் காரணம்.

மற்றபடி எல்லா மொழிக்கும் பொதுவான கண்ணிகள் உண்டு. லினக்ஸில் ‘10:30 பதிவு’ என்று பெயர் வைக்கலாம், விண்டோஸில் முக்காற்புள்ளி கூடாது. கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள்குறி எதுவும் கூடாது. இருபது ஃபோல்டர் ஆழத்துக்குப் போனால் விண்டோஸின் 260 எழுத்துப் பாதை எல்லையில் முட்டிக்கொள்ளும்.

டார் குடும்பம்

டார் என்பது டேப்பிலிருந்து வந்த பெயர். 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது, காந்த நாடாவில் வரிசையாக எழுதுவதற்காகவே அமைக்கப்பட்டது. பட்டியல் இல்லாததும் அதனால்தான், நாடாவில் முன்னும் பின்னும் தாவ முடியாது. ஆனால் யூனிக்ஸ் உலகம் ஒரு கோப்பைப் பற்றி அறிந்திருக்கும் எல்லாவற்றையும் டார் சுமக்கும்: யார் சொந்தக்காரர், எந்தக் குழு, யார் படிக்கலாம், யார் இயக்கலாம், எது சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி).

ஜிப் இங்கேதான் சறுக்குகிறது. விண்டோஸில் ஒரு திட்டத்தை ஜிப் செய்து லினக்ஸ் சர்வரில் பிரியுங்கள். தொடக்க ஸ்கிரிப்டை ஓட்டினால் அனுமதி மறுக்கப்பட்டது என்று வரும், இயக்கும் அனுமதி பொதியிலேயே இல்லை. லினக்ஸிலேயே கட்டினால் ஜிப்பின் பட்டியலில் உள்ள பண்புப் புலத்தில் அனுமதிகள் எழுதப்படும், ஆனால் பிரிப்பவர் அதை மதிக்க வேண்டுமே. பைத்தானின் ஜிப்ஃபைல் அனுமதிகளை மீட்டுத் தராது. லினக்ஸின் ஜிப் கட்டளை, தனியாகச் சொல்லாவிட்டால், சிம்லிங்கை லிங்காக வைக்காமல் அது சுட்டும் கோப்பின் முழு நகலையும் உள்ளே போட்டுவிடும். பொதி திடீரென இரண்டு மடங்கு பெரிதானால் இதைச் சந்தேகியுங்கள்.

நேரமும் அப்படித்தான். ஜிப்பின் அடிப்படை நேரப்புலம் டாஸிலிருந்து வந்தது: 1980-க்கு முன் தேதி கிடையாது, இரண்டு நொடிக்கு ஒரு முறைதான் நகரும், எந்த நேர மண்டலம் என்ற குறிப்பும் இல்லை. 10:15:07-க்குச் சேமித்த கோப்பு, நேரத்துக்கான கூடுதல் புலம் எழுதப்படாவிட்டால், ஏழாம் நொடியோடு திரும்பி வராது. நேரத்தை வைத்து ஒப்பிடும் காப்பு மென்பொருள் அதை மாறிய கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். வேறு நேர மண்டலத்தில் திறந்தால் மணிக்கணக்கில் தள்ளிப் போகும். டாரில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, டாரை எதனால் சுருக்குவது? இங்கே நான்கு பேர் போட்டியில். ஜான்-லூ கெய்லியும் மார்க் ஆட்லரும் 1992-இல் கொண்டுவந்த ஜிஜிப்தான் எங்கும் திறக்கும். விண்டோஸ் 10-இல்கூட 2018-இன் 1803 பதிப்பு முதல் கட்டளை வரியில் டார் இருக்கிறது, டார்.ஜிஜெட்டை அது பிரிக்கும். பிஜிப்2-க்குப் புதிய வேலைகளில் இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எக்ஸ்ஜெட் நன்றாகச் சுருக்கும், ஆனால் மெதுவாகச் சுருக்கும், நினைவகமும் நிறையக் கேட்கும். அதன் உச்ச நிலை 9-இல் சுருக்க 674 எம்பி நினைவகம் தேவை என்று அதன் கையேடே சொல்கிறது, பிரிக்க 65 எம்பி. சிறிய சாதனத்தில் பிரிக்க வேண்டியிருந்தால் அந்த 65-உம் கணக்கில் வரும். 2024 மார்ச்சில் எக்ஸ்ஜெட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று, அதாவது அந்நியர் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு வழி, புகுத்தப்பட்டிருந்தது வெளியே வந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தார். அது மென்பொருளின் அந்த இரு பதிப்புகளின் பிரச்சினை, கோப்பு வடிவத்தின் குறை இல்லை. அதற்காக எக்ஸ்ஜெட் கோப்புகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஜெட்எஸ்டி இவற்றில் இளையது, யான் கோலே உருவாக்கி 2016-இல் 1.0 வெளியானது. வேகத்தில் அதற்கு ஈடு இல்லை. ஆர்ச் லினக்ஸ் தன் தொகுப்புகளை எக்ஸ்ஜெட்டிலிருந்து ஜெட்எஸ்டிக்கு மாற்றியபோது மொத்த அளவு சுமார் 0.8 சதவீதம்தான் கூடியது, பிரிக்கும் வேகமோ ஏறத்தாழ 1300 சதவீதம் உயர்ந்தது என்று அறிவித்தார்கள். என் சொந்தக் காப்புகளுக்கு நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் வெளியே அனுப்ப இயல்பு வடிவமாக வைக்கத் தயங்குகிறேன், அதற்கு ஓர் உதாரணம் போதும். உபுண்டு லினக்ஸின் 21.10 பதிப்பில், மென்பொருளை நிறுவப் பயன்படும் டெப் தொகுப்புகளின் உள்ளே ஜெட்எஸ்டிக்கு மாறினார்கள். உபுண்டுவின் தாய் வீடான டெபியனின் அப்போதைய 11-ஆம் பதிப்பில் அதே டெப் கோப்பைக் கொடுத்தால், தெரியாத சுருக்க முறை என்று மறுத்தது. டெபியன் 12-இல்தான் அது சரியானது. ஒரே குடும்பம், ஒரே பின்னொட்டு, இடையில் ஒரு பதிப்பு வித்தியாசம், அதற்குள் கதவு அடைத்துவிட்டது.

7ஜெட், ரார், கடவுச்சொல்

இகோர் பாவ்லோவின் 7ஜெட் மிக நன்றாகச் சுருக்கும், திறந்த மூலம், இலவசம். விண்டோஸ் 11-இல் 2023 அக்டோபர் புதுப்பிப்பு முதல் 7ஜெட், ரார், டார் எல்லாம் எக்ஸ்ப்ளோரரிலேயே திறக்கின்றன. இந்த ஒரு காரணத்தை வைத்து 7ஜெட்டை இயல்பாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விண்டோஸ் 10 கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் அந்த வசதி வரவில்லை. லினக்ஸ் பக்கம் இன்னொரு காரணம் உண்டு: 7ஜெட் கோப்பின் சொந்தக்காரரையும் குழுவையும் சேமிப்பதில்லை, ஆகவே கணினிக் காப்புக்கு அது உதவாது. இரண்டு பக்கமும் அரைகுறை என்பதால் இயல்பு வடிவமாக அது நிற்காது.

ரார் விஷயத்தில் என் கருத்து இன்னும் உறுதியானது. யூஜின் ரோஷல் 1993-இல் உருவாக்கியது, நல்ல வடிவம், சேதத்தை மீட்கும் பதிவு என்ற அருமையான வசதி உண்டு. ஆனால் அதைப் பிரிக்கும் மூலநிரல் கிடைத்தாலும், அதை வைத்துச் சுருக்கும் முறையை மறுபடி உருவாக்கக் கூடாது என்று உரிமம் தடுக்கிறது. ஒரு நிறுவனத்தின் மென்பொருளால் மட்டுமே உருவாக்க முடியும் என்ற வடிவத்தை ஒரு குழு தனக்கு விதியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். வந்ததைத் திறக்கலாம், புதிதாக உருவாக்க வேண்டாம்.

கடவுச்சொல் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்றால் அது வேறு முடிவு, இயல்பு வடிவத்தோடு கலக்க வேண்டாம். ஜிப்பின் பழைய மறையாக்கத்தை உடைக்கும் வழியை பிஹாமும் கோச்சரும் 1994-இலேயே காட்டிவிட்டார்கள், அதில் ரகசியம் எதையும் நம்பி வைக்க முடியாது. பின்னால் சேர்ந்த ஏஇஎஸ் என்ற மறையாக்க வகை வலுவானது, ஆனால் விண்டோஸின் சொந்தத் திறப்பான் நீண்ட காலமாக அதை ஏற்றதில்லை, பெயர்களும் மறைக்கப்படுவதில்லை. ‘பணிநீக்கப் பட்டியல்’ என்ற பெயரே செய்தியைச் சொல்லிவிடும் அல்லவா? பெயர்களையும் மறைக்க விடும் 7ஜெட்டின் ஏஇஎஸ்-256 இந்த ஒரு வேலைக்குத் தகுதியானது. பெறுபவரிடம் திறக்கும் கருவி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு அனுப்பலாம்.

விதியாக எழுதினால்

ஒரு குழுவுக்காக எழுத வேண்டி வந்தால் நான் எழுதுவது இவ்வளவுதான். வெளியே போவது ஜிப், டிஃப்ளேட் முறை மட்டும், யூடிஎஃப்-8 கொடியுடன், கடவுச்சொல் இல்லாமல். நிரல், சர்வர் அமைப்பு, சிம்லிங்க் உள்ள எதுவும் டார்.ஜிஜெட், பாக்ஸ் வகையில். உள்ளுக்குள்ளேயே உருவாக்கி உள்ளுக்குள்ளேயே பிரிக்கும் பெரிய காப்புகள், இரு முனையும் நம் கையில் இருப்பதால், ஜெட்எஸ்டி. ஃபைலை அனுப்புமுன் நாம் கட்டிய கணினியில் இல்லாமல் வேறு இயங்குதளத்தில் ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும், குறைந்தது ஒரு தமிழ்ப் பெயரும் ஒரு ஸ்கிரிப்டும் உள்ளே இருக்கும்படி. மேக்கிலிருந்து வரும் ஜிப்களில் அடிக்கோடுகளோடு ஒரு கூடுதல் மேக் ஃபோல்டர் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம், மேக்கின் சொந்தக் குறிப்புகள்தான், நீக்கிவிடலாம்.

கையில் இருக்கும் பழைய ரார் கோப்புகளையும் ஒரு நாள் உட்கார்ந்து மாற்றிவிடுவது நல்லது. ஒவ்வொன்றையும் பிரித்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த பைட்டுகளையும் குறித்துக்கொண்டு, ஜிப்பாகக் கட்டி, அந்த ஜிப்பைப் புதிய ஃபோல்டர் ஒன்றில் பிரித்து, இரண்டு எண்களும் பொருந்திய பிறகு மட்டும் பழையதை அழியுங்கள்.